கால்வேயில் 4 இரவு, இருவர், கார் இல்லை: மோஹர் பாறையா, அரன் தீவா?

பதிவு 1 – அலைகரை

வணக்கம். செப்டம்பர் இரண்டாம் வாரம், அயர்லாந்தின் கால்வே நகரில் 4 இரவு. இரண்டு பேர். ஒருவர் சுத்த சைவம், மற்றவர் மீன் சாப்பிடுவார். கார் எடுக்கப் போவதில்லை. இப்போதைய திட்டம்:

வியாழன் மாலை டப்ளினில் இருந்து வந்து சேர்வது. வெள்ளி மோஹர் கடற்பாறைகள், கோச் டூரில். சனி அரன் தீவு. ஞாயிறு கனமாரா மலைப்பகுதியும் கைல்மோர் அபே என்ற மடாலயமும். திங்கள் காலை நகரைப் பார்த்துவிட்டு மதியம் கிளம்புவது.

மூன்று நாளுக்கும் இப்போதே பணம் கட்டிவிடலாமா? மோஹரையும் அரனையும் ஒரே நாளில் முடிக்க வழி உண்டா? எங்கே தவறு என்று சொல்லுங்கள்.

பதிவு 2 – நடைபாதை

திட்டத்தில் நகரத்துக்குத்தான் இடமே இல்லை. மூன்று பகலும் பஸ்ஸிலும் படகிலும் போய்விடுகிறது, நகரத்துக்கு மிஞ்சுவது திங்கள் காலை. அதுவும் தவறான நாள். கால்வே நகர அருங்காட்சியகத்துக்கு திங்கள் விடுமுறை. செயின்ட் நிக்கலஸ் தேவாலயத்தை ஒட்டிய சந்தை முழு வீச்சில் நடப்பது சனிக்கிழமை. ஞாயிறும் உண்டு, ஆனால் மதியத்துக்கு மேல்தான் களைகட்டும். ஆகவே சனியை நகரத்துக்கு ஒதுக்குங்கள்.

நடந்தே பார்த்துவிடக்கூடிய ஊர். ஏர் ஸ்கொயரில் இருந்து ஸ்பானிஷ் ஆர்ச் வரை நிற்காமல் நடந்தால் 10 நிமிடம். நின்று நின்று போனால் அரை நாள். இந்த வரிசையில் போனால் திரும்பி நடக்க வேண்டியிருக்காது:

ஏர் ஸ்கொயரில் தொடங்கி ஷாப் ஸ்ட்ரீட்டில் இறங்குங்கள். வலது கை ஓரத்தில் ஒரு வங்கிக் கிளை வரும். அதன் சுவரை அண்ணாந்து பாருங்கள். அது லிஞ்ச் கோட்டை. இடைக்காலத்தில் கால்வேயை ஆண்ட 14 வணிகக் குடும்பங்களில் லிஞ்ச் குடும்பமும் ஒன்று, ‘குலங்களின் நகரம்’ என்ற பட்டப்பெயர் அந்த 14 குடும்பங்களால் வந்தது. கல்லில் செதுக்கிய குலச்சின்னங்களும் நீர்த்தாரைப் பொம்மைகளும் மேலே இருப்பதால் பெரும்பாலானோர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

அடுத்து செயின்ட் நிக்கலஸ் தேவாலயம், 1320இல் கட்டியது. 1477இல் கொலம்பஸ் இங்கே வழிபட்டதாக ஊர்க்கதை. பக்கத்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் லிஞ்ச் நினைவுச் சாளரம். 1493இல் மேயராக இருந்த லிஞ்ச், கொலை செய்த தன் மகனுக்குத் தானே தூக்கு நிறைவேற்றினார் என்பது இங்குள்ள கதை. மனுநீதிச் சோழன் கதை தெரிந்த நமக்கு அந்தச் சாளரத்தின் முன் நிற்கும்போது தனி ஈர்ப்பு வரும். ஆனால் இது வரலாறு என்று உறுதியான ஒன்றல்ல, சாளரத்தைச் சேர்த்து வைத்ததும் பிற்காலத்தில்தான்.

பிறகு கீ ஸ்ட்ரீட் வழியாக ஆற்றங்கரை. ஸ்பானிஷ் ஆர்ச் 1584இல் நகர மதிலை நீட்டிக் கட்டியது, துறைமுகக் கரையைக் காக்க. 1755 லிஸ்பன் நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை இதுவரை வந்து ஒரு பகுதியை இடித்தது. அருங்காட்சியகம் அதன் பின்னாலேயே இருக்கிறது, கட்டணம் இல்லை.

புகைப்படத்துக்கு ஆர்ச்சின் பக்கம் நிற்காதீர்கள். பாலத்தைக் கடந்து கிளாடா கரைக்குப் போய் நிம்மோஸ் பியர் பக்கம் நடங்கள். எதிர்க்கரையில் லாங் வாக்கின் வண்ண வீட்டு வரிசை முழுவதும் தெரியும். மாலை வெயில் அந்தச் சுவர்களில் நேராக விழும்.

அங்கிருந்து கடலை ஒட்டியே சால்ட்ஹில் நடைபாதை, கடைசியில் பிளாக்ராக் குதிமேடை. ஏறத்தாழ 3 கிலோமீட்டர், 45 நிமிடம். முடிவில் உள்ள சுவரைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டுத் திரும்புவது உள்ளூர் வழக்கம். கால் ஓய்ந்தால் 401 பஸ் ஏர் ஸ்கொயருக்குத் திரும்பக் கொண்டுவரும்.

பதிவு 3 – தண்டவாளம்

மூன்று நாளுக்கும் இப்போதே பணம் கட்டலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். காரணம் வானிலை. ஆனால் ‘மழை வந்தால் என்ன செய்வது’ என்று பொதுவாக யோசிப்பது உதவாது. மூன்று இடத்துக்கும் மூன்று வேறு எதிரிகள்.

அரன் தீவுக்கு எதிரி காற்று. மழை பெய்தாலும் படகு போகும், தென்மேற்குக் காற்று வலுத்தால் போகாது. மோஹருக்கு எதிரி மூடுபனி. காற்றடித்தாலும் பாறை தெரியும், கடல்மூட்டம் இறங்கினால் 20 மீட்டருக்கு அப்பால் வெள்ளைத் திரைதான். கனமாராவுக்கு மழை பெரிய பொருட்டே இல்லை. மேகம் மலைமேல் இறங்கினால் அந்த நிலம் இன்னும் அழகு, அபேயின் உள்ளே கூரை இருக்கிறது.

ஆகவே நாளை முன்கூட்டியே நிர்ணயிக்காமல், வியாழன் இரவு ஐரிஷ் வானிலை நிறுவனமான மெட் ஏரன் தளத்தில் அடுத்த மூன்று நாள் காற்றைப் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வரும். காற்றுக்கு மஞ்சள் எச்சரிக்கை வந்தாலே அன்று தீவை மறந்துவிடலாம். காற்று மிகக் குறைந்த நாள் அரனுக்கு, மேகம் உயர்ந்து நிற்கும் நாள் மோஹருக்கு, மிச்ச நாள் கனமாராவுக்கு. செப்டம்பரில் வார நாட்களுக்கு முந்தின நாள் மாலை வாங்கினாலும் பெரும்பாலும் இடம் கிடைக்கும். சனி, ஞாயிறு என்றால் இரண்டு நாள் முன்னதாகப் பாருங்கள்.

வந்து சேரும் வழி: டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்தில் இருந்து ரயில், இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின். இறங்கும் கியான்ட் நிலையம் ஏர் ஸ்கொயரின் பின்னாலேயே இருக்கிறது. டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டி வாங்கினால் விலையும் குறையும், இருக்கையும் உறுதி. வெள்ளி மாலை ரயில்களில் நின்றுகொண்டே போகிறவர்கள் உண்டு. விமானத்தில் இருந்து நேராக வருவதென்றால் டப்ளின் விமான நிலைய வாசலிலேயே கால்வே பஸ் நிற்கும், மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். நகருக்குள் போய் ரயில் பிடிப்பதைவிட அது எளிது. கால்வேக்குப் பயணிகள் விமானச் சேவை இல்லை. அருகில் இருப்பது ஷானன் விமான நிலையம், 51ஆம் எண் பஸ்.

பதிவு 4 – கல்வேலி

மோஹரா அரனா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் என் பதில் அரன், அதிலும் அங்குள்ள மூன்று தீவுகளில் பெரிதான இனிஷ் மோர். மோஹரில் பாறையைப் பார்க்கிறீர்கள். அரனில் பாறையின் மேல் ஒரு கோட்டை, அதைச் சுற்றி இன்னும் மனிதர் வாழும் ஊர், ஐரிஷ் பேசும் கடை, கல்வேலிகளுக்கு நடுவே பசு. ஒரு முழு நாளைக்குப் பொருள் இருக்கிறது.

போகிற முறை: கால்வே நகரில் இருந்து ரொசவீல் துறைக்குப் படகு நிறுவனத்தின் இணைப்புப் பஸ், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. படகு 40 நிமிடம். இங்கே தவறு நடக்கும் இடம் ஒன்று: இணைப்புப் பஸ்ஸுக்குத் தனிக் கட்டணம், படகு டிக்கெட் வாங்கும்போதே அதையும் தேர்வு செய்ய வேண்டும். படகுக்கு மட்டும் வாங்கிவிட்டால் 37 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் துறைக்கு டாக்சிதான். பஸ் புறப்படுவது படகு நேரத்துக்கு ஒரு மணிக்கும் மேல் முன்னதாக. படகு நேரத்தைப் பஸ் நேரம் என்று படித்துவிட்டு வந்து நிற்பவர்கள் ஏராளம்.

இன்னொன்று, ரொசவீல் ஐரிஷ் மொழிப் பகுதி. சாலைப் பலகையில் ‘ரோஸ் அ வீல்’ என்று ஐரிஷ் எழுத்துக்கூட்டலில் மட்டும் இருக்கும், ஆங்கிலப் பெயர் இருக்காது. தீவிலும் அப்படியே.

கில்ரோனன் துறையில் இறங்கியதும் சைக்கிள் கடை. சாதாரணச் சைக்கிள் ஒரு நாளுக்கு 20 யூரோ அளவில், மின்சைக்கிள் அதன் இருமடங்கு. எடுக்கும் முன் இருக்கை உயரம், இரண்டு பிரேக், சங்கிலி மூன்றையும் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். தீவின் நடுவில் சங்கிலி கழன்றால் தள்ளிக்கொண்டு வருவதுதான். டூன் ஏங்கஸ் கோட்டை 7 கிலோமீட்டர். இரண்டு சாலை பிரியும். மேட்டுச் சாலையில் ஏற்றம் கடுமை. போகும்போது கீழே கடலோரச் சாலையை எடுங்கள், சமதளம், வழியில் கடல்நாய்கள் கரையேறிக் கிடக்கும் விரிகுடாவும் வரும். சைக்கிள் ஓட்டாதவர் என்றால் துறையிலேயே சிறு வேன்கள் நிற்கும், குதிரை வண்டியும் உண்டு. ஏறும் முன் விலையையும் கோட்டையில் எவ்வளவு நேரம் நிற்பார் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள்.

கோட்டையின் அடிவாரமான கில்மர்வியில் சைக்கிளை நிறுத்திவிட்டு நுழைவுச்சீட்டு வாங்கி மேலே ஏற வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 20 நிமிடம், கடைசிப் பகுதி கரடுமுரடான கல். செருப்போடு ஏறாதீர்கள்.

பதிவு 5 – தண்டவாளம்

கல்வேலி சொல்வதில் ஒரு பாதியை மறுக்கிறேன். மோஹரை ‘வெறும் பாறை’ ஆக்குவது கோச் டூர். எல்லாக் கோச்சும் முற்பகல் 11இல் இருந்து மாலை 4 வரைக்குள் வந்து போகிறது. கூட்டமும் அப்போதுதான், வெளிச்சம் மோசமாக இருப்பதும் அப்போதுதான். பாறைகள் மேற்கு நோக்கியவை. காலையில் நிழலில் கறுத்து நிற்கும். மாலை வெயில் பட்ட பிறகே அடுக்கடுக்கான நிறம் தெரியும்.

பஸ் ஏரன் நிறுவனத்தின் 350ஆம் எண் பஸ் இருக்கிறது. கால்வேயில் இருந்து கின்வாரா, பாலிவான், டூலின் வழியாக மோஹர் வாசல் வரை, சுமார் இரண்டு மணி நேரம். போகும்போது வலது கை இருக்கையில் உட்காருங்கள், விரிகுடா அந்தப் பக்கம், இடப்பக்கத்தில் பர்ரன் சுண்ணாம்புக்கல் குன்றுகள். மதியப் பஸ்ஸில் போய்க் கடைசிப் பஸ்ஸில் திரும்பினால் நல்ல வெளிச்சம் கிடைக்கும். செப்டம்பர் நடுவில் அங்கே சூரியன் மறைவது 7:45 அளவில்.

ஒரே அபாயம் கடைசிப் பஸ். பருவத்துக்குப் பருவம் நேர அட்டவணை மாறும். அதைத் தவறவிட்டால் டூலினில் தங்க வேண்டும், இல்லையென்றால் பெருந்தொகைக்கு டாக்சி. கடைசிக்கு முந்தின பஸ்ஸைக் குறிவையுங்கள். கடைசிப் பஸ் காப்பாக இருக்கட்டும்.

நுழைவுச்சீட்டை இணையத்தில் நேரம் குறித்து வாங்குங்கள். கூட்டம் குறைந்த நேரங்களுக்கு விலையும் குறைவு. பாறையின் உச்சி உயரம் 214 மீட்டர், ஓபிரையன் கோபுரத்துக்கு (1835) அருகில். டூலினில் இருந்து பாறை விளிம்பிலேயே நடந்து வரும் பாதையைப் பற்றிப் பழைய பதிவுகளில் புகழ்ந்து எழுதியிருப்பார்கள். உயிரிழப்புகளுக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் அதன் பல பகுதிகளை மாவட்ட நிர்வாகம் மூடியது. போவதற்கு முன் எது திறந்திருக்கிறது என்று பாருங்கள். மூடிய பலகையைத் தாண்டி நடப்பவர்களைப் பின்பற்றாதீர்கள்.

பதிவு 6 – அலைகரை

சனி நகரம் என்பது புரிந்தது, நன்றி. சில கேள்விகள்: இரண்டையும் ஒரே நாளில் என்பது முடியவே முடியாதா? கோட்டை விளிம்பில் தடுப்பு இருக்கிறதா? இருவரில் ஒருவருக்குக் கடலில் குமட்டும். அப்புறம் விசா: ஷெங்கன் விசா இருந்தால் அயர்லாந்து போகலாமா?

பதிவு 7 – கல்வேலி

ஒரே நாளில் செய்ய ஒரு நல்ல வழி உண்டு. பருவகாலத்தில் கால்வே துறைமுகத்தில் இருந்தே இனிஷ் மோருக்கு நேரடிப் படகு, ஒன்றரை மணி நேரம். திரும்பும்போது அது மோஹர் பாறைகளின் அடிவாரம் வரை போய்விட்டு வரும். பாறையைக் கடலில் இருந்து அண்ணாந்து பார்ப்பது மேலே நின்று குனிந்து பார்ப்பதைவிடப் பெரிது. அதன் அளவு அப்போதுதான் மனதில் ஏறும். இதற்கு விலை: தீவில் கிடைக்கும் நேரம் குறைகிறது, கோட்டையும் ஒரு சாப்பாடும் தவிர வேறெதற்கும் இடம் இல்லை. கடலில் இருக்கும் நேரம் அதிகம். ரத்தாகும் வாய்ப்பும் அதிகம். குமட்டல் உள்ளவருக்கு ரொசவீல் வழியே நல்லது.

குமட்டலுக்கு: மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டால் பயனில்லை, புறப்பட ஒரு மணி நேரம் முன் போடுங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. கீழ்த்தட்டில், நடுவுக்கும் பின்பகுதிக்கும் இடையில் உட்காருங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. முன்பகுதியில் உட்காராதீர்கள். கைபேசியைப் பார்க்காமல் அடிவானத்தைப் பாருங்கள்.

கோட்டை விளிம்பில் தடுப்புக் கம்பி கிடையாது. கீழே சுமார் 100 மீட்டர் நேர்ச் செங்குத்து. மூவாயிரம் ஆண்டுப் பழமையான இடத்தில் கம்பி வேலி போடவில்லை. விளிம்பை எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் நான்கடி முன்பே படுத்து, ஊர்ந்து போய்ப் பாருங்கள். எழுந்து நிற்கும்போது அடிக்கும் ஒரு திடீர்க் காற்றுதான் ஆபத்து. மழை நனைத்த சுண்ணாம்புக்கல் சோப்புப் போல வழுக்கும். பாறைத் தளத்தில் கணுக்கால் ஆழத்துக்கும் மேலே வெடிப்புகள் ஓடும், பார்வை கேமராவில் இருந்தால் கால் அதற்குள் போய்விடும்.

‘புழுத்துளை’ என்று இணையத்தில் பரவும் அந்தச் செவ்வகக் கடல்குளத்துக்கு அதே கவனம் இரட்டிப்பாக வேண்டும். அலை பாறைத் தட்டின் மேல் ஏறிவரும் நாளில் அந்தப் பக்கமே போகக் கூடாது. படகைப் பிடிக்கும் நேரக்கணக்கிலும் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். கடைசிப் படகுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கில்மர்வியில் இருந்து சைக்கிளைத் திருப்பிவிடுங்கள். சைக்கிளை ஒப்படைக்கவும் வரிசை இருக்கும்.

பதிவு 8 – முத்திரை

விசா: ஷெங்கன் விசா அயர்லாந்தில் செல்லாது. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் தனி ஐரிஷ் விசா வேண்டும்.

இந்தியர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. சில வகைப் பிரிட்டன் குறுகிய கால வருகை விசாவில் முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்து, அந்த அனுமதிக் காலம் முடியும் முன் அயர்லாந்துக்கு வந்தால் தனி விசா தேவைப்படாத திட்டம் 2011இல் தொடங்கி அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருகிறது. வரிசை முக்கியம்: முதலில் பிரிட்டன், பிறகு அயர்லாந்து. இந்தியாவில் இருந்து துபாய் வழியாக நேரே டப்ளினில் இறங்கினால் இந்த விலக்கு பொருந்தாது. இலங்கைக் கடவுச்சீட்டு இந்தப் பட்டியலில் இல்லை. பயணத்துக்கு முன் ஐரிஷ் குடிவரவுத் தளத்தில் இன்றைய நிலையைப் படித்துவிடுங்கள்.

இன்னொரு கண்ணி: பெல்ஃபாஸ்ட் பிரிட்டனுக்கு உட்பட்டது. எல்லையில் யாரும் நிறுத்துவதில்லை என்பதற்காக ‘BIVS’ என்ற பிரிட்டன்–அயர்லாந்து கூட்டு விசாக் குறிப்பு இல்லாத ஐரிஷ் விசாவை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஒருநாள் டூர் போனால் அது சட்டமீறல்.

பதிவு 9 – தாளக்கட்டு

பகலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். கால்வே வெளிச்சம் போன பிறகு ஆரம்பிக்கும் ஊர். மூன்று பகலும் வெளியூர் போய் இரவு 8 மணிக்குக் களைத்து வந்து படுப்பவர்கள் இந்த ஊரைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

பார்க்க வேண்டியது ‘செஷன்’. மேடைக் கச்சேரி அல்ல. பப்பின் ஒரு மூலை மேசையைச் சுற்றி வாத்தியக்காரர்கள் தங்களுக்குள் முகம் பார்த்து உட்கார்ந்து வாசிப்பார்கள். ஃபிடில், புல்லாங்குழல், டின் விசில், கான்செர்ட்டினா, முழங்கையால் காற்றடிக்கும் இல்லன் பைப், ஒரு பக்கத் தோல் மேளமான பௌரான். நுழைவுக்கட்டணம் இல்லை. ஷாப் ஸ்ட்ரீட்டுக்கு அருகில் டிக் கோலியில் மாலை ஒன்று, இரவு ஒன்று என்று நடக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சீ ரோட்டில் கிரேன் பார், கூர்ந்து கேட்பவர்களுக்கு அதுவே உகந்த இடம். கீ ஸ்ட்ரீட்டில் ஒலிபெருக்கி வைத்துப் பாடும் பப்புகள் வேறு வகை, அதைச் செஷன் என்று எண்ணிவிடாதீர்கள்.

நம் காதுக்கு ஒரு சாவி தருகிறேன். ‘ஜிக்’ என்றால் தகிட தகிட, ஆறு எண்ணிக்கை. ‘ரீல்’ என்றால் தகதிமி தகதிமி, நாலு நடை. மூன்று தகிட சேர்ந்து ஒன்பதாக ஓடினால் அது ‘ஸ்லிப் ஜிக்’. மெட்டு பெரும்பாலும் இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் 8 தாளச் சுற்று, ஒவ்வொன்றையும் இருமுறை, ஆக 32. அதை இரண்டு மூன்று தடவை சுற்றிவிட்டு நிற்காமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அந்தத் தாவல் நொடியில்தான் கூடத்தில் ஒரு சிலிர்ப்பு ஓடும். எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் அது எப்போது வரும் என்று முன்பே தெரியும், அந்தச் சுகமே வேறு.

ஒழுங்குகள்: வாத்தியப் பெட்டி வைத்த இருக்கை காலியாகத் தெரிந்தாலும் உட்காராதீர்கள். தாளத்துக்குக் கைதட்டிக்கொண்டே இருக்க வேண்டாம், மெட்டு முடிந்ததும் தட்டுங்கள். யாராவது வாத்தியமில்லாமல் தனிக்குரலில் பாட ஆரம்பித்தால் கூடமே அடங்கும், நீங்களும் அடங்குங்கள். கைபேசி வெளிச்சத்தை முகத்தில் அடித்துப் படம் எடுக்க வேண்டாம்.

மேசைக்கு யாரும் வரமாட்டார்கள், கவுண்டரில் போய் வாங்கி அங்கேயே பணம் கொடுக்க வேண்டும். மது அருந்தாதவர் தயங்க வேண்டியதில்லை, ஆல்கஹால் இல்லாத பீர், லைம் கார்டியல், தேநீர் எல்லாம் சாதாரணமாகக் கேட்கலாம். ஆனால் ஒன்றும் வாங்காமல் இரண்டு மணி நேரம் இடத்தைப் பிடித்துக்கொள்வது சரியல்ல. விற்பனை முடியும் நேரம் திங்கள் முதல் வியாழன் வரை 11:30, வெள்ளி, சனி 12:30, ஞாயிறு 11. உட்கார இடம் வேண்டுமென்றால் தொடங்கும் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே போங்கள்.

பதிவு 10 – மொறுமொறு

உணவு. முதல் விதி: சாப்பிட்டுவிட்டுச் செஷனுக்குப் போங்கள். பல பப்புகளில் சமையலறை 9 மணிக்குள் மூடிவிடும், பார் மட்டும் ஓடும். 9:30க்குப் பசியோடு அலைந்தால் சிப்ஸும் பீட்சாவும்தான்.

சைவருக்கு: ‘காய்கறி சூப்’ என்று எழுதியிருந்தாலும் அடிச்சாறு கோழியாக இருக்கலாம், கேட்டே ஆக வேண்டும். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். மெனுவில் ஒவ்வொரு உணவுக்கும் எதிரே எண்கள் இருக்கும், அவை ஒவ்வாமைப் பொருட்களின் எண்கள், அடியில் விளக்கம் இருக்கும். மீன், முட்டை, பால் எதில் இருக்கிறது என்று அதை வைத்தே பிடித்துவிடலாம், ஆனால் இறைச்சிச் சாறு அந்தப் பட்டியலில் வராது. சிப்ஸ் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பதும், சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதும் உண்டு. சனிக்கிழமைச் சந்தையில் சைவருக்குத் தெரிவு அதிகம். ஃபலாஃபல், கிரேப் (மெல்லிய தோசை போன்றது), சூடான டோனட், பாலாடைக்கட்டி, பழம். அந்தப் பாலாடைக்கட்டியும் சோடா ரொட்டியும் வாங்கி அடுத்த நாள் தீவுக்கு எடுத்துப் போங்கள். அங்கே உணவகங்கள் குறைவு, படகு இறங்கும் நேரத்தில் எல்லாமே நிரம்பிவிடும்.

மீன் சாப்பிடுபவருக்கு: கீ ஸ்ட்ரீட் அடியில் மக்டோனாவில் மீனும் சிப்ஸும். உப்பும் வினிகரும் போட்டே தருவார்கள், வேண்டாம் என்றால் முன்பே சொல்ல வேண்டும். உள்நாட்டுத் தட்டைச் சிப்பி செப்டம்பரில்தான் பருவம் தொடங்குகிறது. மாதக் கடைசி வாரத்தில் சிப்பி விழா, 1954இல் தொடங்கியது. நீங்கள் போவது இரண்டாம் வாரம் என்பதால் அந்தக் கூட்டத்திலும் அறை விலையிலும் இருந்து தப்பிவிடுவீர்கள்.

பதிவு 11 – உரைகல்

தம்பதியாகப் போகிறவர்கள் கிளாடா மோதிரம் வாங்காமல் திரும்புவது அரிது, அதனால் இதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு கை ஓர் இதயத்தைத் தாங்க, மேலே கிரீடம். கை நட்பு, இதயம் காதல், கிரீடம் விசுவாசம். திருமணமானவர் இடது கையில், இதயத்தின் கூர்முனை தன்னை நோக்கும்படி அணிவது வழக்கம்.

நம்மவர்கள் ஏமாற்றமடையும் இடம் தங்கத்தின் தரம். 916 பழகிய கண்ணுக்கு இங்கே உள்ளவை வெளிறித் தெரியும். கடையில் பெரும்பாலும் 9, 14, 18 காரட். முத்திரையில் 375 என்றால் 9 காரட், ஆயிரத்தில் 375 பங்குதான் தங்கம். 585 என்றால் 14, 750 என்றால் 18. இவற்றை முதலீடாக நினைத்து வாங்காதீர்கள், ஊரில் மாற்றப் போனால் செய்கூலி, வரி எல்லாம் போய் உலோக எடைக்கே விலை. நினைவுப்பொருள் என்றால் வெள்ளியே போதும், வேலைப்பாடு அதில் தெளிவாகவும் தெரியும். தினமும் அணிவதென்றால் 14 காரட்: 18ஐவிடக் கடினம், 9ஐவிட நிறம் நன்று.

அளவு இங்கே ஆங்கில எழுத்துகளில் இருக்கும், ஊர் எண்ணோடு பொருந்தாது. கடையிலேயே விரலை அளக்கச் சொல்லுங்கள், அதுவும் மதியத்துக்கு மேல். காலைக் குளிரில் விரல் சுருங்கியிருக்கும், அப்போது பொருந்துவது ஊர் வெயிலில் இறுகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம், கடையிலேயே அதற்கான தாளைக் கேளுங்கள். பொருளைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையில் வையுங்கள், சுங்கத்தில் காட்டச் சொல்லலாம்.

பதிவு 12 – நடைபாதை

சிதறலாகச் சில, ஆனால் ஒவ்வொன்றும் தேவைப்படும்.

குடை வேண்டாம். காற்று அதை முதல் தெருமுனையிலேயே திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு, சீக்கிரம் உலரும் கால்சட்டை. கால்வேயில் ஆண்டு மழை அளவு சென்னையைவிடக் குறைவுதான். ஆனால் சென்னைக்குச் சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பது, இங்கே ஆண்டு முழுவதும் தூறலாகப் பரவுகிறது. பத்து நிமிடம் ஒதுங்கினால் பெரும்பாலும் விட்டுவிடும். வெப்பநிலை 10 முதல் 17 டிகிரி, காற்றோடு சேர்ந்து அதைவிடக் குளிராகத் தெரியும்.

கழிப்பறைக் கதவில் ஐரிஷ் மட்டும் எழுதியிருக்கும் இடங்களில் ஆங்கில எழுத்தை வைத்து ஊகித்தால் தவறான கதவுக்குப் போவீர்கள். ‘ஃபிர்’ என்பது ஆண்கள், ‘ம்னா’ என்பது பெண்கள். ஆங்கில எஃப் எழுத்தைப் பார்த்துப் பெண்களுக்கு என்றும், எம் எழுத்தைப் பார்த்து ஆண்களுக்கு என்றும் எண்ணுவதுதான் வழக்கமான தவறு.

மின்செருகி பிரிட்டன் வகை, தட்டையான மூன்று முள். சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து வருபவர்களுக்கு மாற்றி வேண்டாம், இந்தியாவில் இருந்து வருபவர்களுக்கு வேண்டும்.

தண்ணீர் பாட்டில், கேன் வாங்கினால் விலையோடு 15 அல்லது 25 சென்ட் முன்வைப்புத்தொகை சேரும். 2024 பிப்ரவரி முதல் இந்த முறை. காலிப் பாட்டிலை நசுக்காமல் சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும், நசுங்கினால் இயந்திரம் எடுக்காது.

அட்டை இயந்திரம் ‘ரூபாயிலா யூரோவிலா’ என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் இழப்பு.

அறை எடுக்கும்போது கீ ஸ்ட்ரீட்டை நோக்கிய அறை வேண்டாம். வெள்ளி, சனி இரவு இரண்டு மணி வரை தெருவில் பாட்டு ஓயாது. பின்பக்க அறை கேளுங்கள், அல்லது ஆற்றுக்கு மேற்கே டொமினிக் ஸ்ட்ரீட் தாண்டி, அல்லது சால்ட்ஹில்லில் தங்கும் வீடுகள். செப்டம்பரில் பல்கலைக்கழகம் திறப்பதால் அறையை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள்.

பதிவு 13 – அலைகரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. இப்படி மாற்றியிருக்கிறேன்: வியாழன் மாலை வருகை, இரவு செஷன். சனி முழுவதும் நகரம், சந்தை, சால்ட்ஹில். வெள்ளியும் ஞாயிறும் காற்றைப் பார்த்து ஒன்று அரன், ஒன்று மோஹர், 350 பஸ்ஸில். கனமாராவை விட்டுவிட்டேன். கைல்மோருக்கு வேறு ஒருமுறை. திங்கள் மாலை 4 மணிக்கு டப்ளினில் விமானம். காலை 10 மணி பஸ் சரியா?

பதிவு 14 – தண்டவாளம்

கனமாராவை விட்டது சரியான முடிவு. ஒரு திருத்தம்: வெள்ளி, ஞாயிறு இரண்டிலும் காற்று வலுத்து, சனி மட்டும் அமைதியாக இருந்தால் தயங்காமல் சனியைத் தீவுக்குக் கொடுத்துவிடுங்கள். சந்தை ஞாயிறு மதியமும் இருக்கும், தீவுக்கு வேறு நாள் கிடைக்காது.

10 மணி பஸ் வேண்டாம். விமான நிலையத்தில் 1 மணிக்கு இறங்கினால் மூன்று மணி நேரம் இருப்பதுபோலத் தோன்றும். டப்ளினை நெருங்கும்போது சுற்றுச்சாலையில் ஒரு விபத்து நடந்தால் அதில் ஒரு மணி நேரம் போய்விடும். வரித்தாளுக்கும் நேரம் வேண்டும். 8 அல்லது 8:30 பஸ்ஸை எடுங்கள். எந்தப் பஸ் என்றாலும் ‘டப்ளின் விமான நிலையம்’ என்று பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். நகர மையத்தோடு நின்றுவிடும் பஸ்களும் அதே இடத்தில் இருந்துதான் புறப்படுகின்றன.